எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய விமானம்

போன மாதம் எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் திண்டுக்கல் கிளையிலிருந்து அருண் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் பிள்ளை. மற்ற எதற்கும் என்னைத் தேடமாட்டார்கள், விமானம் என்று யாராவது வாயைத் திறந்தால் மட்டும் என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். கொடைக்கானல் மேல்மலையில் போளூர்ப் பக்கம் பூண்டு போடுகிற ஒருவர், வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு வந்தவர், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். மலையில் எங்கே நிறுத்துவது, கீழே வத்தலக்குண்டுப் பக்கம் இடம் பார்த்திருக்கிறார். இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டவர், பதிலைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம்.

"மேடம், தரையில நிக்கிறதுக்கு மட்டும் போட்டுக் குடுத்துரலாமா? ரொம்பக் கொறையுமே" என்றார் அருண்.

தாராளமாகக் கொடுக்கலாம் என்றேன். ஆனால் ஆயுத பூஜை அன்றைக்கு எஞ்சினைத் தொடக்கூடாது என்று அந்த மனிதரிடம் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்றேன். அருண் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பது சற்றுப் பொறுத்துத்தான் அவருக்குப் புரிந்தது. ஏன் மேடம் என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டிக்காரி. அப்பா இங்கே ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரர். அதே ஊர் மிஷன் பள்ளியில் படித்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, பொதுக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். முதலில் மாடு. இன்சூரன்ஸ் செய்த மாட்டின் காதில் ஒரு வில்லை மாட்டியிருப்போம்; மாடு செத்தால் அந்தக் காதை வெட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருவர் ஈரத்துணியில் காதைச் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மாட்டுக்காரர் அழவில்லை, நான்தான் அழுதேன். பிறகு லாரி, பிறகு கடை, பிறகு பஞ்சாலை. அழுகை நின்று, கோபம் வந்து, அதுவும் அடங்கி, ஒரு வழியாக அதிகாரியானேன்.

விமானம் என் தலையில் விழுந்தது பாலகிருஷ்ணனால். கப்பலில் எஞ்சினியராக இருந்துவிட்டு, அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள வந்தவர். தோப்பை ஒட்டிய மானாவாரி நிலத்தைச் சமன்படுத்தி, வாங்க வேண்டிய அனுமதியெல்லாம் வாங்கி, யாரோ பயன்படுத்திய இரண்டு பேர் விமானம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் விசிறி பின்பக்கம் இருக்கும். உட்காருகிறவருக்குப் பின்னால் எஞ்சின், அதற்குப் பின்னால் விசிறி, பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். முன்னால் வெறும் மூக்குதான். ஊரில் அவரைப் பிளேன்காரர் என்றே சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள், கொடைக்கானலில் மலை விளிம்பில் நின்றுகொண்டிருந்தேன். கீழே மருதாநதி அணைக்கு மேல் வெள்ளையாக ஒன்று வட்டமிட்டது. கொக்கு என்று நினைத்தேன். விமானத்தைக் குனிந்து பார்த்தது அன்றைக்குத்தான். என் பாலிசி பறக்கிறது என்று பக்கத்தில் நின்ற தங்கச்சியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெருமைக்குப் பாலகிருஷ்ணன் கட்டிய விலை கொஞ்சநஞ்சமல்ல. ஜனங்கள் இதில் எங்களைத் திட்டுவது எனக்குத் தெரியும், ஆகவே சொல்லிவிடுகிறேன். காருக்கு இன்சூரன்ஸ் மலிவு என்றால் கார் சாதுவான வண்டி என்பதால் அல்ல. ஊரெல்லாம் கார் இருக்கிறது. ஒருவர் இடித்துக்கொண்டால், இடிக்காத அத்தனை பேர் பணத்திலிருந்தும் அவருக்குக் கொடுக்கிறோம். சொந்த விமானம் வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்? ஒருவருடையது விழுந்தால் மிச்சம் இருக்கிறவர்கள் தலையில்தான் விடியும். எங்கள் கம்பெனி மட்டும் அதைத் தாங்காது என்பதால் பெரும்பங்கை வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் ஏற்றிவிடுவோம். விலை சொல்வது அவர்கள். மலையடிவாரம் என்றால் கொஞ்சம் ஏற்றுவார்கள். மண் ஓடுதளம் என்றால் இன்னும் கொஞ்சம். பழுது பார்க்கப் பக்கத்தில் ஆளில்லை, உதிரிபாகம் கடல் கடந்து வர வேண்டும், ஓட்டுகிறவருக்கு அறுபது தாண்டிவிட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஏறும். இதில் ஒரு கூத்து என்னவென்றால், குறைவாகப் பறந்தால் குறையும் என்று பாலகிருஷ்ணன் நம்பிக்கொண்டிருந்தார். குறையாது. கை பழக்கம் விட்டுப்போன ஆள் என்று அதற்கும் சேர்த்து ஏற்றுவார்கள்.

சில வருடங்கள் கட்டினார். பிறகு தோப்பில் வெள்ளை ஈ விழுந்து காய்ப்பு படுத்தது. அதே சமயத்தில் வெளிநாட்டில் எங்கெங்கோ விமானங்கள் விழுந்து, இங்கே பிரீமியம் எகிறியது. அந்தப் பணத்துக்கு ஒரு பழைய டிராக்டரே வாங்கிவிடலாம். எதைச் சொன்னாலும் ஒரு கேலியோடு சொல்கிற மனிதர், அன்று என் மேசைக்கு முன்னால் பிரீமியம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வித்துவிடுங்களேன் என்றேன். மனசு வரவில்லை என்றார். பறக்காமல் இருந்துவிடுகிறேன், அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றார்.

வழி இருந்தது. தரைக்கு மட்டும் என்று ஒரு காப்பு. கொட்டகையில் நிற்கும்போது தீப்பிடித்தால், புயலில் கூரை விழுந்தால், திருட்டுப் போனால் உண்டு. இடம் மாற்றுவதற்காகக் கையால் தள்ளும்போது யார் மேலாவது இடித்தால், அந்த ஆளுக்கு நஷ்டஈடும் உண்டு. எஞ்சினை ஓடவிட்டு ஓர் அடி நகர்த்தினாலும் எதுவும் இல்லை. ஓடாத விமானத்துக்குத்தான் அந்தச் சலுகை விலை. நான் இதை அவருக்குத் தமிழில் சொன்னேன், இங்கிலீஷில் சொன்னேன், அவர் வாயாலேயும் ஒரு தடவை சொல்லச் சொன்னேன். "எஞ்சினத் தொட மாட்டேன் மேடம். சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்" என்றார். உண்மையிலேயே காலையில் காப்பியோடு போய் அந்த இருக்கையில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு வருவாராம். அவர் மனைவி சொன்னார்கள்.

நடந்ததை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். யார் மேலும் பெரிய தப்பு எனக்குத் தெரியவில்லை. தப்பு செய்த ஒருவர் கிடைத்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் செல்லமுத்து வந்தார். அய்யம்பாளையத்தில் டிராக்டர் மெக்கானிக். சொந்தக் கொட்டகை வைத்திருந்தார், பாலகிருஷ்ணனிடம் சம்பளம் வாங்குகிறவர் அல்ல. எஞ்சின் பைத்தியம் இருவரையும் ஒட்ட வைத்திருந்தது. விமானத்துக்கும் பூஜை போட வேண்டும் என்று அவர் சொல்ல, பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். மறுநாள் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டார்கள். எஞ்சின் பின்னால் இருப்பதால் படையலையும் பின்பக்கமே வைத்தார்கள். பொரி, கடலை, பழம். பூசணிக்காய் உடைத்தாயிற்று. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. இனி வண்டி அவற்றின் மேல் ஏறி நசுக்க வேண்டும்.

பாலகிருஷ்ணன், தள்ளிவிடலாம் என்றுதான் சொன்னார். என் பேச்சு அவர் நினைவில் இருந்திருக்கிறது. செல்லமுத்து ஒப்பவில்லை. பூஜை போட்ட வண்டியைத் தள்ளுவதா? தள்ளிக்கொண்டு போவது செத்த வண்டியைத்தானே? நல்ல நாளும் அதுவுமாக வண்டி தன் உயிரில் ஏற வேண்டாமா? நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எலுமிச்சம்பழம் நசுங்குகிற தூரம்தானே, அதை ஓட்டுவது என்று சொல்ல முடியுமா என்று பாலகிருஷ்ணனும் நினைத்துவிட்டார்.

எஞ்சின் எழுந்தது. செல்லமுத்து முன்பக்கம் போய், டிராக்டர்காரர்களுக்குச் செய்வது போல இரண்டு கையாலும் வாங்க வாங்க என்று அழைத்தார். அவருக்குப் பின்னால் தோப்பு டிராக்டரின் டிரெய்லர் நின்றது, அதுவும் மாலையோடு. பழம் நசுங்கியதும் பாலகிருஷ்ணன் வேகத்தைக் குறைத்தார், குறையவில்லை. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கேபிள், ஒரு வருடமாக அசையாமல் கிடந்தது, உள்ளே சிக்கிக்கொண்டது. விமானம் துள்ளிப் பாய்ந்தது. அதன் மூக்குக்கும் டிரெய்லருக்கும் நடுவே செல்லமுத்துவின் வலது முழங்கால் நசுங்கியது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மெக்கானிக்குக் கால் போனால் பிழைப்பு போயிற்று. அவர் மனைவி பாண்டியம்மாளும், கல்யாண வயதில் இரண்டு பெண்களும் அந்தக் கொட்டகையை நம்பித்தான் இருந்தார்கள்.

மறுநாள் காலை பாலகிருஷ்ணன் எனக்குப் போன் செய்தார். கையால் தள்ளும்போது உருண்டு போய் இடித்துவிட்டது என்றார். அந்த மனிதர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை, அதனால் பொய் என்று உடனே தெரிந்தது. செல்லமுத்துவுக்கு நஷ்டஈடு கிடைக்க அது ஒன்றுதான் வழி என்பதும் தெரிந்தது.

மதுரையிலிருந்து எங்கள் கம்பெனியின் விசாரணை அதிகாரி நடராஜன் சார் வந்தார். எங்கள் மண்டலத்தில் சிக்கலான கேஸ் எல்லாம் அவரிடம்தான் போகும். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், பையில் சொந்த டம்ளர் வைத்திருப்பார். ஆனால் எதிரில் இருப்பவரிடம் "சாப்டீங்களா?" என்று கேட்காமல் விசாரணையைத் தொடங்க மாட்டார். விபத்து நடந்த இடத்துக்குப் போனால் முதலில் செருப்பைக் கழற்றுவார். பக்தி என்று ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். தன் செருப்புத் தடம் அங்கே பதியக்கூடாது என்பதுதான் காரணம். வண்டியைக் கடைசியில் பாருங்கள், தரையை முதலில் பாருங்கள் என்பார். எந்தக் கேள்வியையும் மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்பார். முதல் பதில் பயத்தில் வருவது, இரண்டாவது யோசித்து வருவது, மூன்றாவதில்தான் ஆள் தெரிவான் என்பது அவர் கணக்கு. சலுகை, தாட்சண்யம் எதுவும் அவரிடம் நடக்காது. அவரோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். ஜெயித்ததில்லை.

தோப்பில் ஒரு கூட்டமே நின்றது. தள்ளினோம், தள்ளினோம் என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நடராஜன் சார் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். விமானம் நின்ற இடத்துக்குப் பின்னால் கிளுவை வேலி. நானும் பின்னால் போனேன். வேலி முழுக்கப் பொரி. இலை இடுக்கிலும் முள்ளிலும் பொரியும் செவ்வந்தி இதழும் அடித்து வைத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தன. விசிறி சுற்றாமல் அத்தனை பொரி அங்கே போயிருக்காது. சார் ஒரு பொரியை விரலால் எடுத்துப் பார்த்தார். சைக்கிள் கம்பியின் வளைவைக்கூட வரைந்து குறித்துக்கொள்கிற மனிதர், அன்று நோட்டை வெளியே எடுக்கவே இல்லை.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கிளம்பினோம். பாதி வழியில், "பொரி காத்துக்கே பறக்கும்ல ஸ்டெல்லா?" என்றார்.

பறக்கும் சார் என்றேன்.  அந்த மனிதர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக வளைந்து கொடுக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அடிபட்டவரின் வாக்குமூலம். அவரும் தள்ளும்போது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவருக்குப் பணம் வந்துவிடும்.

ஊரே சேர்ந்து கட்டிய பேச்சை அவரிடம் மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆபரேஷன் மயக்கத்தில் இருந்தவரிடம் தெளிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நாங்கள் அவ்வளவு சீக்கிரம் வருவோம் என்று பாண்டியம்மாள் எதிர்பார்க்கவில்லை. எங்களைக் கண்டதும் முகம் வெளிறிப்போயிற்று. பக்கத்தில் நர்ஸ் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார்.

சாப்டீங்களா என்று சார் கேட்டார். இட்லி கொடுத்தார்கள் என்றார் செல்லமுத்து. எப்படி நடந்தது என்று கேட்டார். செல்லமுத்து பூஜையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார், எஞ்சின் உட்பட. மயக்கத்தில் பேசுகிறார் சார் என்று பாண்டியம்மாள் குறுக்கே விழுந்தார். மயக்கமெல்லாம் தெளிந்துவிட்டது, நீ சும்மா இரு என்றார் அவர்.

சார் இரண்டாம் தடவை கேட்டார். "வண்டியத் தள்ளினது யாரு யாருங்க?"

"தள்ளவா? எதுக்கு சார் தள்ளணும்?"

நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது கேள்வியை அவர் அவ்வளவு மெதுவாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. எஞ்சின் நின்றுபோய், அதற்கப்புறம் வண்டி தானாக உருண்டிருக்குமோ என்று கேட்டார். நின்றுபோயிருக்கலாம் என்றாவது சொல்லு என்று மனிதர் கெஞ்சாத குறை. செல்லமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையணையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"நிக்கிறதா? ஒரு வருசமாச் சும்மா கெடந்த எஞ்சின் சார் அது. வெள்ளனே போயி கார்புரேட்டரப் பூராப் பிரிச்சுக் கழுவி மாட்டுனேன். ஒரே இழுப்பு. ஒரே இழுப்புல எந்திரிச்சிருச்சு. நீங்க அந்தச் சத்தத்தக் கேட்டுருக்கணும்."

அவர் முகத்தில் அப்போது இருந்தது சந்தோஷம். கால் போன மனிதரின் முகத்தில் அதைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். சார் எழுதினார், வாசித்துக் காட்டினார், செல்லமுத்து ஒரு சொல்லையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். இனி கடவுளே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஃபைல் வெளிநாடு வரைக்கும் போகிறது, அடிபட்டவரே எஞ்சின் ஓடியது என்கிறார்.

பணம் கிடையாது என்று பாலகிருஷ்ணனுக்குக் கடிதம் போனது. அவர் விமானத்தை வந்த விலைக்கு விற்றார். அது லாரியில் கட்டிப் போனதைப் பார்க்க அவர் வெளியே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். தோப்பில் ஒரு பகுதியையும் விற்றுச் செல்லமுத்துவுக்குக் கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கும் கடனுக்குமே அது சரியாகப் போயிற்று. பிறகு மகனோடு கோயமுத்தூருக்குப் போய்விட்டார்.

கடிதம் போன வாரத்தில் பாண்டியம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நடராஜன் சார் அன்று வேறு சோலியாகத் திண்டுக்கல்லில் இருந்தார். நாற்காலி போட்டோம், உட்காரவில்லை.

"அவரு எஞ்சின் ஓடுச்சுன்னு சொன்னாருல்ல. அதனாலதான் இல்லைன்னுட்டீங்களா சார்?"

"ஆமாம்மா."

"தள்ளுனாங்கன்னு சொல்லியிருந்தா?"

சார் ஏதாவது சட்டம் பேசித் தப்பித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கம்பெனியில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கெடச்சிருக்கும்மா."

அந்த அம்மாள் அழவில்லை. அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையை மடியில் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"இத அவருகிட்ட மட்டும் யாரும் சொல்லிராதீங்க. கால் போனதத் தாங்கிக்கிட்டாரு. தன் வாயாலதான் எல்லாம் போச்சுன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு. இன்சூரன்ஸ்காரங்களே அப்படித்தான், எதையாச்சும் சொல்லி இல்லைன்னுருவாங்கன்னு நான் சொல்லிக்கிறேன். நீங்க அப்படிப்பட்டவங்களாவே இருந்துக்கங்க."

சரி என்று சார் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். பாலகிருஷ்ணனிடமும் அந்த அம்மாள் இதே வாக்கை வாங்கிக்கொண்டார். அன்று மதியம் சார் சாப்பிடவில்லை. சில வருடங்களில் ஓய்வு பெற்றார், பிறகு காலமானார், கடைசிவரை இதைப் பற்றி அவர் பேசவில்லை. செல்லமுத்துவும் போன வருடம் போய்விட்டார். அருண் போன் செய்த பிறகு நான் பாண்டியம்மாளைப் போய்ப் பார்த்தேன். இனிமே எழுதுங்க, அவருக்குத் தெரியவா போகுது என்றார்.

அவருக்குத் தெரியாமல்தான் இருந்தது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துவிட்டார். கட்டையை ஊன்றிக்கொண்டு வேகமாக வந்தார். பணம் வாங்குகிறபோது தேனாகப் பேசுவீர்கள், கொடுக்கிறபோது ஆயிரம் நொட்டை சொல்வீர்கள், ஏழையின் வயிற்றில் அடிக்கிற கம்பெனி என்று சத்தம் போட்டார். பழக்கடைக்காரர், கண்டக்டர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு வாய்ச்சண்டை போட்டவள் நான். ஒரு வார்த்தையையும் சும்மா விட்டதில்லை.

"இருக்கிறத இருக்கிற மாதிரி சொன்னேன். அப்பவும் இல்லைன்னுட்டீங்களே. நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்றார்.

"ஆமாங்க, நாங்க அப்படித்தான்" என்றேன்.

இதை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கட்டையை மாற்றி ஊன்றிக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"சரி, உங்களச் சொல்லி என்ன செய்ய. சம்பளத்துக்கு இருக்கிறவங்க" என்றார். என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "மலைக்குத்தானே? கொடைக்கானல் பஸ் அந்தக் கடைசியில நிக்கிது. எடுத்துருவான், வெரசாப் போங்க."

அவர் காட்டிய பஸ்ஸில்தான் ஏறினேன். பெருமாள்மலை வரும் வரைக்கும் அழுதேன்.